நீங்க எந்த அள்ளி? – காய்ச்சல் விட்ட பிறகு வரும் ரிசல்ட் யாருக்கு

போன மார்கழியில், அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டு ஒரு வாரம் ஆன பிறகு எனக்கு ஒரு போன் வந்தது. அம்மா அப்போது வேலியோரம் அவரைக்காய் பறித்துக்கொண்டிருந்தார். பேசியவர் சுகாதார ஆய்வாளர். "உங்கம்மாவுக்கு ஸ்க்ரப் டைபஸ் பாசிட்டிவ் வந்திருக்குங்க. நீங்க எந்த அள்ளி?" என்றார். தர்மபுரி மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தக் கேள்வியை விளக்க வேண்டியதில்லை. இங்கே அள்ளி என்று முடிகிற ஊர்களை எண்ணி மாளாது, ஒரே பெயரில் பென்னாகரம் பக்கம் ஒன்று இருக்கும், பாலக்கோடு பக்கம் ஒன்று இருக்கும், எங்கள் ஊரும் அப்படித்தான். மனிதர் காலையிலேயே இன்னொரு அள்ளிக்குப் போய், தெருத்தெருவாக விசாரித்து, அப்படி ஒரு ஆளே இல்லை என்று தெரிந்த பிறகு அங்கிருந்தபடிதான் கூப்பிட்டிருக்கிறார்.

"காய்ச்சல்தான் விட்டுப்போச்சுங்களே சார், இனிமே ரிசல்ட் எதுக்கு?" என்று கேட்டேன். "உங்கம்மாவுக்கு இல்லைங்க, உங்க தெருவுக்கு" என்றார்.

அந்தப் பதில் எனக்குப் புரியக் கொஞ்ச நாள் பிடித்தது. நமக்குத் தெரிந்த லேப் என்பது காசு கொடுத்து, ரத்தம் கொடுத்து, சாயங்காலம் ஒரு தாள் வாங்கி, அதை டாக்டரிடம் நீட்டுவது. பொது சுகாதார ஆய்வகம் வேறு ஜாதி. அதற்கும் ரத்தம்தான் போகிறது, ஆனால் அது பதில் தேடுகிற கேள்வி வேறு: இந்தக் காய்ச்சல் எங்கிருந்து வந்தது, அடுத்து யாருக்கு வரும், அதற்குள் எதைச் சுத்தம் செய்ய வேண்டும். நோயாளி எழுந்து நடமாட ஆரம்பித்த பிறகும் இந்தக் கேள்விகளுக்கு ஆயுள் இருக்கிறது.

அம்மாவின் கதையையே சொல்கிறேன். முதல் மூன்று நாள் மெடிக்கல் கடை மாத்திரை. நாலாம் நாள் ஒரு தனியார் லேபில் ரத்தம் கொடுத்தோம், வைடால் டெஸ்ட் போட்டு 'டைபாய்டு இருக்கு' என்று தாள் வந்தது. மூன்று நாள் ஊசி. காய்ச்சல் அசையவில்லை. ஏழாம் நாள் அரசு மருத்துவமனைக்குப் போனால் அங்கே இருந்த டாக்டர் தாளைப் பார்க்கும் முன்பே, "காட்டுப் பக்கம், கரட்டுப் பக்கம் போனீங்களாம்மா?" என்று கேட்டார். அப்புறம் நர்ஸை விட்டுத் திரை போட்டு உடம்பைத் தேடிப் பார்க்கச் சொன்னார். இடுப்பில், பாவாடை நாடா இறுக்கும் இடத்தில், பீடியால் சுட்ட மாதிரி கறுப்பாக ஒரு பொருக்கு. அம்மாவுக்கே தெரியாது. "வலிக்கவே இல்லையே" என்றார். அதுதான் அதன் குணம், வலிக்காது, அரிக்காது, ஆடை மறைக்கும் இடமாகப் பார்த்து உட்காரும். புதரில், புல்லில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சியின் குஞ்சு கடித்த தடம் அது. அந்தப் பூச்சி வழியாக ஓரியன்சியா சுட்சுகாமுஷி என்ற பாக்டீரியா உள்ளே போகிறது, அது உண்டாக்கும் காய்ச்சல்தான் ஸ்க்ரப் டைபஸ். டாக்டர் ரத்தத்தை ஆய்வகத்துக்கு அனுப்பினார், ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் டாக்ஸிசைக்ளின் கொடுத்தார், இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிட்டது.

அப்படியானால் அந்த ரத்தம் போனது வீணா? இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஊரில் நாலு வீட்டில் காய்ச்சல் என்றால் வெளியிலிருந்து பார்க்க எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும், உடம்பு வலி, தலைவலி, சோர்வு. ஆனால் டெங்கு என்றால் வீட்டு வீடாகப் போய் டிரம், தொட்டி, பழைய டயர், தேங்காய்ச் சிரட்டைத் தண்ணீரைக் கவிழ்க்க வேண்டும். டைபாய்டு என்றால் தண்ணீர்த் தொட்டியையும் குழாய் உடைப்பையும் பார்க்க வேண்டும். எலிக் காய்ச்சல் என்றால் எலி மூத்திரம் கலந்த தேங்கு நீரில் யார் வெறுங்காலோடு இறங்கினார்கள் என்று கேட்க வேண்டும். ஸ்க்ரப் டைபஸ் என்றால் புதரை வெட்ட வேண்டும், எலியைக் குறைக்க வேண்டும், கரட்டுக்குப் போய் வந்தவர்கள் குளித்து உடை மாற்றச் சொல்ல வேண்டும். இதில் எது என்று தெரியாமல் ஊர் முழுக்கப் புகை அடித்துவிட்டுப் போவது பார்க்கக் கம்பீரமாக இருக்கும், ஸ்க்ரப் டைபஸுக்கு அதனால் ஒரு பைசா பிரயோஜனம் கிடையாது. ஆய்வகத்தின் ஒரு வரி ரிசல்ட்தான் நாலு பேர் கொண்ட ஒரு குழு நாளைக் காலை எந்தத் தெருவுக்கு, கையில் என்ன எடுத்துக்கொண்டு போவது என்று முடிவு செய்கிறது.

அந்த ஒரு வரி வருவதற்குள் எத்தனை இடத்தில் வழுக்கலாம் என்று பார்த்தால் தலை சுற்றும். முதலில் நாள் கணக்கு. டெங்கு வைரஸின் என்.எஸ்.1 என்ற புரதம் காய்ச்சலின் முதல் நாலைந்து நாள் ரத்தத்தில் கிடைக்கும், அப்புறம் குறையும். அதற்கு எதிராக உடம்பு தயாரிக்கும் ஐ.ஜி.எம். எதிர்ப்பொருள் தோராயமாக ஐந்தாம் நாளுக்கு மேல்தான் தலைகாட்டும். இரண்டாம் நாள் எடுத்த ரத்தத்தில் ஐ.ஜி.எம். தேடினால் 'இல்லை' என்றுதான் வரும், நோய் இருக்கும், தாள் இல்லை என்று சொல்லும். ஸ்க்ரப் டைபஸிலும் எதிர்ப்பொருள் வர ஒரு வாரம் ஆகிறது. ஆக, ஆய்வகத்தில் இருப்பவருக்கு ரத்தக் குழாய் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் கூட வரும் படிவத்தில் 'காய்ச்சல் தொடங்கிய தேதி' என்ற கட்டம். நம் ஆட்களிடம் அந்தத் தேதியைக் கேட்டுப் பாருங்கள். "அமாவாசைக்கு முந்தின நாள் படுத்தேன்", "சந்தைக்குப் போயிட்டு வந்து குளிர் அடிச்சுது" என்பார்கள். தவறில்லை, கேட்பவர் அதைத் தேதியாக மாற்றிக்கொள்ள வேண்டும். அவசரத்தில் பல இடங்களில் அந்தக் கட்டத்தில் ரத்தம் எடுத்த தேதியே எழுதப்படுகிறது, அல்லது காலியாகப் போகிறது.

அப்புறம் எலிசா, அந்த எதிர்ப்பொருளைத் தேடும் சோதனை. பெயர் பெண் பிள்ளைப் பெயர் மாதிரி இருந்தாலும் பார்க்க ஒரு குட்டிப் பணியாரச் சட்டிதான், 96 குழி உள்ள பிளாஸ்டிக் தட்டு. ஒவ்வொரு குழியிலும் ஒருவருடைய ரத்தத்திலிருந்து பிரித்த சீரம் ஒரு சொட்டு. கழுவி, அடுத்த திரவம் விட்டு, மறுபடி கழுவி, கடைசியில் நிறம் தரும் திரவம் விட்டால் நோய் எதிர்ப்பொருள் இருக்கும் குழி நீலமாகும், அமிலம் விட்டு நிறுத்தியதும் மஞ்சளாகும், எவ்வளவு மஞ்சள் என்பதை ஒரு கருவி எண்ணாகச் சொல்லும். ஒவ்வொரு முறையும் சில குழிகளை ஒப்பீட்டுக்காகவே ஒதுக்க வேண்டும், அதனால் ஒரே ஒரு ஆளுக்காக இதை ஓட்டுவது கட்டுப்படியாகாது, கொஞ்சம் மாதிரிகள் சேரும்வரை காத்திருப்பார்கள். 'கவர்ன்மென்ட் லேப்ல ரிசல்ட் லேட்' என்று நாம் திட்டுவதில் பாதி இதுதான். மீதிப் பாதிக்கு வேறு காரணங்கள் உண்டு, அதில் ஆள் பற்றாக்குறையும் கிட் தீர்ந்துபோவதும் அடக்கம், அதை நான் நியாயப்படுத்தவில்லை.

வைடாலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட மனசில்லை. 1896-இல் பிரான்ஸில் வைடால் என்பவர் கொண்டுவந்த சோதனை அது. டைபாய்டு கிருமிக்கு எதிரான எதிர்ப்பொருளைத் தேடுகிறது. முன்னே எப்போதோ வந்துபோன டைபாய்டு, தடுப்பூசி, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த வேறு கிருமி, எது இருந்தாலும் லேசாகப் பாசிட்டிவ் காட்டும். நம் ஊர் மாதிரி இடங்களில் ஒரு தடவை எடுத்த வைடாலை மட்டும் வைத்து டைபாய்டு என்று சொல்வது சரியில்லை. சரியான வழி முதல் வாரத்தில், ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன், ரத்தத்தை வளர்ப்புக்குப் போட்டுக் கிருமியையே வளர்த்துப் பார்ப்பது. சில நாள் ஆகும், ஆனால் எந்த மருந்துக்கு அந்தக் கிருமி சாகும் என்பதும் கூடவே தெரிந்துவிடும். வைடால் மலிவு, ஒரே நாளில் தாள் வரும், அதனால் ஓடுகிறது. அம்மாவுக்கு மூன்று நாள் தவறான ஊசி போனது ஒரு பக்கம். இப்படித் தாளில் மட்டும் இருக்கிற டைபாய்டுகள் கணக்கில் ஏறினால், ஊரில் இல்லாத டைபாய்டைத் தேடித் தண்ணீர்த் தொட்டி மேல் ஆள் ஏறுவார், புதர் அப்படியே இருக்கும்.

கணக்கில் ஏறுவது எப்படி என்று கேட்டால், 2004 நவம்பரில் இந்தியாவில் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் தொடங்கியது. அதில் மூன்று படிவங்கள். கிராம சுகாதார செவிலியர் நிரப்புவது எஸ் படிவம்: காய்ச்சல், வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை என்று அறிகுறியை மட்டும் எண்ணுவது. டாக்டர் நிரப்புவது பி படிவம்: பார்த்தால் டெங்கு போல இருக்கிறது. ஆய்வகம் நிரப்புவது எல் படிவம்: டெங்குதான். முன்பு வாரத்துக்கு ஒரு முறை கூட்டிக் கழித்து மேலே அனுப்பினார்கள், 2021 ஏப்ரலுக்குப் பிறகு ஒருங்கிணைந்த சுகாதாரத் தகவல் தளம் என்ற இணையவழி ஏற்பாட்டில் ஆளுக்கு ஆள், இடத்துக்கு இடம் ஏற்றப்படுகிறது. இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று பேச வேண்டும். ஒரு ஊரில் எஸ் கணக்கு திடீரென ஏறி எல் கணக்கு சும்மா இருந்தால் அங்கிருந்து மாதிரியே போகவில்லை என்று அர்த்தம். எல் கணக்கு மட்டும் ஏறினால் நோய் கூடியிருக்கலாம், அல்லது புதுசாகக் கிட் வந்து சோதனை கூடியிருக்கலாம். எத்தனை பேருக்குச் சோதித்து இத்தனை என்று கேட்காமல் 'டெங்கு இருமடங்கானது' என்று தலைப்புப் போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரம்தான் வரும்.

இதையெல்லாம் கணினி வந்த பிறகு வந்த வித்தை என்று நினைக்க வேண்டாம். நமக்குப் பக்கத்து மாவட்டத்திலேயே 1980-களில் அஞ்சலட்டையை வைத்து இதைச் செய்து காட்டினார்கள். வேலூர் சி.எம்.சி.யின் வைராலஜி பேராசிரியர் ஜேக்கப் ஜான், அப்போதைய வட ஆற்காடு மாவட்டத்தில் ஒரு ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். ஊத்தங்கரையையும் பர்கூரையும் தாண்டினால் திருப்பத்தூர், அது அன்றைக்கு வட ஆற்காடு. அந்த ஏற்பாட்டுக்கு, அதன் ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து, 'நதி' என்று பெயர். அரசு மருத்துவமனை, தனியார் கிளினிக் என்று பார்க்காமல் எல்லோரிடமும் அச்சடித்த அஞ்சலட்டை கொடுக்கப்பட்டது. பட்டியலில் உள்ள நோய் என்று சந்தேகம் வந்தால் ஊரையும் விவரத்தையும் எழுதித் தபால் பெட்டியில் போட வேண்டியதுதான். இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, மாதா மாதம் ஒரு செய்தி மடல் அந்த டாக்டர்களுக்கே திரும்பிப் போனது. நீங்கள் எழுதியது எங்கே போனது, பக்கத்து ஊரில் என்ன நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்தது. இன்றைக்குப் படிவம் ஏற்றும் செவிலியருக்கு அந்தத் திரும்பி வரும் கடிதம் எத்தனை பேருக்குக் கிடைக்கிறது? ஏற்றச் சொல்லித் திட்டு மட்டும் சரியாகக் கிடைக்கிறது.

அதே வேலூர் சி.எம்.சி.யின் ஆய்வகத்துக்குத்தான் 1986-இல் சென்னையிலிருந்து ஒரு ஐஸ் பெட்டி ரயிலில் போனது. சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமன் சொன்னபடி பாலியல் தொழிலாளர்களிடம் சேகரித்த ரத்தம். ஆய்வுக்கு எடுத்துப் போகும்வரை சீரத்தை வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்தார் என்பார்கள். இந்தியாவில் எய்ட்ஸ் கிடையாது என்று பெரியவர்கள் உறுதியாகச் சொல்லிக்கொண்டிருந்த காலம். தட்டில் ஆறு குழி மஞ்சளாகியது. அமெரிக்காவுக்கு அனுப்பி உறுதி செய்த பிறகு, அந்த மே மாதம் சட்டமன்றத்தில் சுகாதார அமைச்சர் ஹண்டே அறிவித்தார். அந்த ஆறு பேரில் யாரும் 'எனக்கு இந்த நோய்' என்று வந்து நின்றவர்கள் கிடையாது. ஆய்வகம் தேடிப் போனதால்தான் தெரிந்தது.

தேடாத இடத்தில் நோய் இருக்காது, கணக்கில்தான். கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு 2020 மே முதல் தேதி நினைவிருக்கும். அன்றைக்கு வந்த மத்திய அரசின் கொரோனா பட்டியலில் தமிழ்நாட்டிலேயே தொற்று இல்லாத பச்சை மண்டலம் கிருஷ்ணகிரி ஒன்றுதான். ஸ்டேட்டஸ் போட்டுக் கொண்டாடினோம். கர்நாடகத்துக்கும் ஆந்திராவுக்கும் நடுவே, நான்குவழிச் சாலையில் லாரி ஓயாத மாவட்டம் இது. அப்போது அங்கே அரசு மருத்துவக் கல்லூரி கூடக் கிடையாது, அது திறக்கப்பட்டது 2022 ஜனவரியில். பூஜ்யம் என்ற எண்ணைப் பார்க்கும்போது எத்தனை மாதிரி போனது என்று யாராவது கேட்டோமா? நானும் கேட்கவில்லை.

தண்ணீர் பக்கம் இன்னும் வேடிக்கை. ஒரு ஊரில் ராத்திரியோடு ராத்திரியாகப் பத்துப் பேருக்கு வயிற்றுப்போக்கு என்று வையுங்கள். விடிந்ததும் முதலில் நடப்பது என்ன? பஞ்சாயத்து பதறிப்போய் மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடரை அள்ளிக் கொட்டும். ஒன்பது மணிக்குச் சுகாதார ஆய்வாளர் பாட்டிலோடு வந்தால் தண்ணீர் தங்கம் மாதிரி இருக்கும், திருடன் போன பிறகு வீட்டைக் கழுவி விட்ட கதை. முதலில் மாதிரி, அப்புறம் பிளீச்சிங், இடைவெளி அரை மணி நேரம் கூட வேண்டாம். அந்தப் பாட்டிலும் சும்மா பாட்டில் கிடையாது. கிருமி நீக்கி, தண்ணீரில் மிச்சமிருக்கும் குளோரினை முறிக்கத் தயோசல்பேட் போட்டு வைத்தது, இல்லையென்றால் வழியிலேயே குளோரின் கிருமியைக் கொன்று ஆய்வகத்தில் 'நல்ல தண்ணீர்' என்று வந்துவிடும். ஆட்களிடமும் அதே கதைதான். மலத்திலிருந்து எடுத்த மாதிரியைக் கேரி-பிளேர் என்ற கூழில் வைத்து அனுப்பினால் காலரா கிருமி வழியில் சாகாமல் போய்ச் சேரும், ஆனால் மெடிக்கல் கடையில் ஆளுக்கு நாலு மாத்திரை விழுங்கிய பிறகு எடுத்தால் தட்டில் ஒன்றும் முளைக்காது. காலராவில் கூட வகை முக்கியம். 1992-இல் சென்னையில் எடுத்த மாதிரிகளில் அதுவரை காலராவே உண்டாக்காத ஒரு வகை வந்தது, ஓ139 என்று எண் கொடுத்தார்கள். அறிகுறியை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் அது வெறும் இன்னொரு வயிற்றுப்போக்கு.

தண்ணீரைச் சோதிப்பது பற்றி தர்மபுரிக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை என்பது வேறு விஷயம். நிலத்தடி நீரில் மிகுந்திருக்கும் ஃபுளோரைடு தொற்றுநோய் இல்லைதான், ஆனால் பல்லில் மஞ்சள் கறை படிந்த தலைமுறைகள் இங்கே உண்டு. போர்வெல் தண்ணீரை அளந்து பார்த்துத்தான் 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வீட்டு வாசலுக்கு வந்தது. கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்கிறதா என்று துளி மருந்து விட்டு மஞ்சள் நிறம் பார்ப்பதை நீங்களும் தெருவில் பார்த்திருப்பீர்கள்.

மேலே போகப் போகச் சோதனை நுணுக்கமாகும். சென்னை கிண்டியில் உள்ள கிங் இன்ஸ்டிடியூட் என்ற அரசு ஆய்வகம் 1899-இலிருந்து இருக்கிறது. குழந்தைக்குத் திடீரென்று கை கால் துவண்டால் 24 மணி நேர இடைவெளியில் இரண்டு மல மாதிரி எடுத்து, குளிர்ச்சி குறையாமல் போலியோ ஆய்வகத்துக்கு அனுப்புவது இன்றைக்கும் நடக்கிறது, இயற்கையாகப் பரவும் வைரஸால் வந்த இந்தியாவின் கடைசி போலியோ 2011 ஜனவரியில் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல முடிவது அந்தப் பெட்டிகளால்தான். சென்னையில் 2021 செப்டம்பரில் மாநில அரசே மரபணு வரிசை பார்க்கும் ஆய்வகம் திறந்தது. மாவட்டத்துக்கு ஒரு ஒருங்கிணைந்த பொது சுகாதார ஆய்வகம் என்ற மத்திய திட்டமும் அதே ஆண்டில்தான் வந்தது. கட்டடமும் கருவியும் வரட்டும், நல்லது. ஆனால் எனக்குத் தெரிந்தவரை நம் ஊரில் சங்கிலி அறுவது கருவியில் இல்லை, முகவரிக் கட்டத்தில்.

ஓசூரைப் பாருங்கள். ரத்த மாதிரி மேல்சோதனைக்கு 300 கிலோமீட்டர் தாண்டிச் சென்னைக்குப் போகும், ரத்தத்துக்குச் சொந்தக்காரர் 40 கிலோமீட்டரில் இருக்கும் பெங்களூருக்குப் போய்ப் படுத்துக்கொள்வார். தொழிற்பேட்டையில் வேலை, வாடகை வீடு, காய்ச்சல் என்றால் எல்லை தாண்டி ஒரு ஆஸ்பத்திரி. அங்கே சொல்லும் முகவரி எதுவோ அந்த மாநிலக் கணக்கில் ஏறும். கடித்த கொசு ஓசூர் மொட்டை மாடித் தொட்டியில் நிம்மதியாக முட்டையிட்டுக்கொண்டிருக்கும், மருந்து அடிக்கும் ஆள் வேறெங்கோ நிற்பார்.

ஆய்வாளர் மறுநாள் எங்கள் ஊருக்கு வந்தார், இந்த முறை சரியான அள்ளிக்கு. அம்மா கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். எந்தத் தேதியில் காய்ச்சல் என்று கேட்டார். "சந்தைக்குப் போயிட்டு வந்து படுத்தேங்க சார், அப்புறம் எந்திரிக்கலை." அவர் சட்டைப் பையிலிருந்து சின்னக் காலண்டர் எடுத்து, அந்தச் சந்தை நாளிலிருந்து பின்னால் எண்ணினார். பூச்சி கடித்து ஆறு நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வரும் என்பதால் அந்த நாட்களில் எங்கே எல்லாம் போனீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கரட்டோரம் சீமாறு புல் அறுக்கப் போனது அப்போதுதான் வெளியே வந்தது.

"தனியாவா போனீங்க?"

"இல்லைங்க, மூணு பேரு. ஒருத்தி நல்லா இருக்கா. இன்னொருத்திக்கும் காய்ச்சல்னு மக வந்து கூட்டிட்டுப் போயிட்டா, ஓசூருக்கு."

அவர் அந்த மகளின் நம்பரை வாங்கி அங்கேயே போன் போட்டார். கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் ஒரு கிளினிக்கில் சேர்த்திருக்கிறார்களாம், டைபாய்டு என்று ஊசி போகிறதாம். உடம்பில் கறுப்பாகப் பொருக்கு இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார், டாக்டரிடம் புல் அறுக்கப் போனதைச் சொல்லச் சொன்னார். கடைசியாக, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "அங்க அட்ரஸ் எதுங்க கொடுத்திருக்கீங்க?" என்று கேட்டார்.

"எங்க வாடகை வீட்டு அட்ரஸ்தாங்க சார்."

அவர் எங்கள் ஊர்ப் பெயரை எழுதி, பக்கத்தில் தாலுகாவையும் எழுதி, அடியில் கோடு போட்டார்.